ஒரே கோடு (code), நாலு ஸ்டோர்: எங்கே பிரிப்பது?

கேள்வி: ஃப்ளட்டரில் (ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் எழுத உதவும் கூகுளின் கருவி) எழுதிய எங்கள் ஆப் இப்போது கூகுள் பிளே ஸ்டோரில் மட்டும் இருக்கிறது. அடுத்து ஆப்பிள் ஆப் ஸ்டோர், ஹுவாவே ஆப்கேலரி, அமேசான் ஆப்ஸ்டோர் மூன்றிலும் வெளியிட வேண்டும். சந்தா, நோட்டிஃபிகேஷன், கூகுள் லாகின் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஸ்டோருக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வதா, ஒரே கோடில் சமாளிக்க முடியுமா? டீமில் இரண்டே பேர்.

பதில்: தயவுசெய்து நகல் எடுக்காதீர்கள். இரண்டு பேர் டீமில் நாலு நகல் வைத்திருந்தால், ஒரு பக் சரிசெய்யும்போது அதை நாலு இடத்திலும் செய்ய வேண்டும், ஒன்றிலாவது விட்டுப்போகும், விட்டுப்போனது பயனர் சொன்னால்தான் தெரியும்.

திரைகள், டேட்டாபேஸ், சர்வரோடு பேசும் பகுதி எல்லாவற்றையும் அப்படியே பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஸ்டோருக்கு ஸ்டோர் மாறுவது பணம், நோட்டிஃபிகேஷன், லாகின், மேப் போன்ற சில விஷயங்கள்தான். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் (என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லி, எப்படி என்பதை மறைக்கும் இடைமுகம்) எழுதி, 'சந்தா வாங்கு', 'நோட்டிஃபிகேஷன் அனுப்ப இந்த போனின் டோக்கன் கொடு' என்ற அளவில் மட்டும் பொதுக்கோடு பேசட்டும். பின்னால் பணம் வாங்குவது கூகுளின் பிளே பில்லிங்கா, ஆப்பிளின் ஸ்டோர்கிட்டா, ஹுவாவேயின் பேமெண்ட்டா என்று திரைக்குத் தெரியவே கூடாது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆப் ஓடும்போது 'இது ஹுவாவே போனா?' என்று ஒரு இஃப் (if) நிபந்தனை போட்டுப் பார்த்தால் போதும் என நினைப்பார்கள். போதாது, ஏனென்றால் அந்தக் கோடு ஓடாவிட்டாலும் கூகுளின் லைப்ரரி, ஸ்டோருக்கு அனுப்பும் ஆப் ஃபைலுக்குள் தேவையில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஃப்ளேவர் (ஒரே ப்ராஜெக்டிலிருந்து ஸ்டோருக்கு ஒரு வகையாக ஆப் உருவாக்கும் வசதி) பிரித்தாலும் ஃப்ளட்டரில் இது முழுதாகத் தீராது, பப்ஸ்பெக்கில் (எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று பட்டியலிடும் ஃபைல்) எழுதிய பிளகின் எல்லா ஃப்ளேவருக்குள்ளும் போய்விடும். அதனால் பொதுவானதை ஒரு தனி பேக்கேஜாக ஆக்கி, அதைச் சுற்றி ஸ்டோருக்கு ஒரு மெல்லிய ப்ராஜெக்ட் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்த பப்ஸ்பெக், சொந்த மெயின் ஃபைல், அவ்வளவுதான். உள்ளே சில நூறு வரிக்கு மேல் சேர்ந்தால் எதையோ தப்பான இடத்தில் எழுதுகிறீர்கள் என்று அர்த்தம்.

சந்தா யாருக்கு இருக்கிறது என்பதை ஆப்பில் வைக்காமல் சர்வரில் வையுங்கள். ஐபோனில் பணம் கட்டியவர் நாளைக்கே அமேசானின் ஃபயர் டேப்லெட்டில் உள்ளே வருவார். எந்த ஸ்டோரின் ரசீதாக இருந்தாலும் சர்வர் சரிபார்த்து, இவருக்கு இந்தத் தேதி வரை அனுமதி என்று ஒரே பதிலாகச் சொல்ல வேண்டும்.

ஃபயர் டேப்லெட்டிலும் ஹுவாவேயின் புதிய போன்களிலும் கூகுள் பிளே சர்வீசஸ் (கூகுளின் வசதிகளை ஆப்களுக்குக் கொடுக்கும் பின்னணி மென்பொருள்) கிடையாது. அங்கே கூகுளின் ஃபயர்பேஸ் நோட்டிஃபிகேஷனை நம்ப முடியாது, அதற்குப் பதில் அமேசானின் ஏடிஎம் (ADM, அமேசான் டிவைஸ் மெசேஜிங்), ஹுவாவேயின் புஷ் கிட் வேண்டும். கூகுள் லாகினையும் அங்கே பிரவுசர் வழியாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், வெப்வியூவுக்குள் (ஆப்புக்குள்ளேயே வலைப்பக்கம் காட்டும் பெட்டி) திறந்தால் கூகுளே தடுத்துவிடும். ஆப்பிளில் வேறு சிக்கல்: கூகுள் லாகின் வைத்தால் பயனரின் தனியுரிமையைக் காக்கும் இன்னொரு லாகினும் வைக்க வேண்டும் (ஆப்பிள் லாகின் போதும்), கணக்கை ஆப்பிலிருந்தே நீக்கும் வழியும் வேண்டும், பிற ஸ்டோர்களின் பெயர் ஆப்பிலோ விவரணையிலோ தென்பட்டாலே திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு.

அப்புறம் சைனிங் கீ (ஆப் உங்களுடையதுதான் என்று டிஜிட்டல் கையெழுத்திடும் ரகசியச் சாவி), இதைத்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று பின்னால் தோன்றும். பிளே ஸ்டோரில் கீயை கூகுளே உருவாக்கியிருந்தால் அதை டவுன்லோடு செய்ய முடியாது. அமேசான் நீங்கள் அனுப்புவதைத் தன் கையெழுத்தால் மறுபடி சைன் செய்கிறது. கீ வேறானால் ஒரு ஸ்டோரில் நிறுவிய ஆப்பை இன்னொன்றிலிருந்து அப்டேட் செய்ய முடியாது, போன் மறுத்துவிடும். மேப், லாகின் போன்றவை கையெழுத்தின் ஷா-1 கைரேகையை (அந்தக் கீயை அடையாளம் காட்டும் எண்-எழுத்துச் சரம்) பார்த்தே அனுமதி தருவதால், ஒவ்வொரு ஸ்டோரின் கைரேகையையும் அந்தச் சேவையின் கன்சோலில் (அமைப்புகளை மாற்றும் வலைப்பக்கம்) சேர்க்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிய லாகின், ஸ்டோரிலிருந்து இறக்கியதும் வேலை செய்யாவிட்டால் முதலில் இங்கே தேடுங்கள்.

வரிசை என்று கேட்டால், ஆப்பிளை முதலில் முடியுங்கள். ஐபோன் ஆப்பை உருவாக்கும் எக்ஸ்கோடு மென்பொருளுக்கு மேக் கம்ப்யூட்டர் தேவை, வருடத்துக்கு 99 டாலர் கட்டணம், விதிகளும் கடுமை, அதற்காக இன்டர்ஃபேஸை எப்படியும் பிரிப்பீர்கள். அதன்பின் ஹுவாவே, அமேசான் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் பகுதிகளை எழுதினால் போதும், திரைகளைத் தொட வேண்டியதில்லை.