கேளுங்க சொல்றேன்: சாந்திக்கு ஸ்கெலிட்டன் வாட்ச்

கேள்வி: அப்பச்சிக்கு அடுத்த மாசம் அறுபதாம் சாந்தி. நல்லதா ஒரு வாட்ச் வாங்கிப் போடலாம்னு மதுரையில ஒரு ஷோரூம்ல ஸ்கெலிட்டன் ஆட்டோமேட்டிக் ஒண்ணைக் கையில கட்டிப் பாத்தேன். சக்கரமெல்லாம் ஓடுறது தெரியுது, கழட்டவே மனசு வரல. விலை லட்சக்கணக்குல. ஆத்தாகிட்ட போட்டோ காட்டினா 'நல்ல காரியத்துக்குப் போயி எலும்புக்கூடா'ன்னு கேட்டுட்டாக. வாங்கலாமா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: ஆத்தா கேட்டது சரிதான் தம்பி, ஸ்கெலிட்டன்னா எலும்புக்கூடுதான், ஆனா வாட்ச்காரங்க அப்படிச் சொல்றது டயலை எடுத்துட்டு, உள்ள சக்கரங்களைப் பிடிச்சு நிக்குற தகட்டையும், 'பாலம்'னு சொல்ற குறுக்குத் துண்டுகளையும் தாங்குறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் விட்டு மிச்சத்தை அறுத்து எடுத்துடுறதால. ஆத்தாகிட்ட 'சட்டை போடாத வாட்ச்'னு சொல்லிப் பாருங்க.

நானும் ஒரு தடவை சென்னையில இதே மாதிரி ஒண்ணைக் கட்டிப் பாத்தேன். மொத அஞ்சு நிமிஷம் சொக்கிப் போய் நின்னேன், பேலன்ஸ் வீல்னு வாட்ச்சோட வேகத்தைக் கட்டுப்படுத்துற குட்டிச் சக்கரம் முன்னயும் பின்னயும் ஆடுறது மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு. அப்புறம் மணி என்னன்னு பாக்கணும்னு தோணுச்சு பாருங்க, முள்ளு எது சக்கரத்தோட ஆரம் எதுன்னு பிரிச்சுப் பாக்கவே நேரமாச்சு. போதாக்குறைக்குச் சக்கர இடுக்கு வழியா என் கைமுடி வேற தெரியுது, விளம்பரப் படத்துல அதெல்லாம் காட்டுவாங்களா?

அதனால திரும்பப் போறப்ப அப்பச்சியையும் கூட்டிக்கிட்டுப் போங்க, சர்ப்ரைஸ் போனாப் போகுது. ஷோரூம் லைட்டுல எல்லாம் மின்னும், வாசலுக்கு வந்து வெயில்ல, கண்ணாடி போடாம, கையை நீட்டி மணி சொல்லச் சொல்லுங்க. தடுமாறினாகன்னா அது அவுக கைக்கு இல்ல, உங்க கண்ணுக்கு வாங்குற வாட்ச்.

அடுத்தது விலை. ரெண்டு ஸ்கெலிட்டன் தூரத்துல ஒண்ணு போலவே இருக்கும், ஒண்ணு சில ஆயிரம் இன்னொண்ணு பல லட்சம், எங்க வித்தியாசம்னா ஓரத்துல. கடைக்காரர்கிட்ட கண்ணுல வச்சுப் பாக்குற லென்ஸை வாங்கி, அறுத்த இடத்தோட உள்மூலைய பாருங்க. மெஷின் கட்டர் சுத்துற பொருள், அது போன மூலை வளைஞ்சுதான் இருக்கும், உள்மூலை கத்தி மாதிரி கூர்மையா நிக்குதுன்னா யாரோ உக்காந்து கையால அரத்தால ராவியிருக்காங்க. நம்ம வீட்டு நிலைக்கதவுல பர்மா தேக்குச் செதுக்கலை விரலால தடவிப் பாத்து 'இது கைவேலை'ன்னு சொல்லுவோம்ல, அதே கணக்குதான். அந்த மூலை இல்லாம லட்சம் கேட்டா கும்பிட்டுட்டு வந்துடுங்க. சில கம்பெனி வேலைப்பாட்டோட விடாம உள்ளயே புதுசா யோசிக்கிறாங்க, ஆடெமார் பிகே 2016ல ராயல் ஓக் ஸ்கெலிட்டன் ஒண்ணுல ஒரே அச்சுல ரெண்டு பேலன்ஸ் வீல் வச்சாங்க, அதெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்கு வேடிக்கை பாக்க மட்டும்.

இன்னொண்ணு, ஆட்டோமேட்டிக் கை ஆடினாத்தான் சாவி ஏறும். உள்ள ரோட்டார்னு அரைவட்டமா ஒரு கனமான தகடு சுத்தி ஸ்பிரிங்கை முறுக்குது. சாதாரணமா 40 மணி நேரம் தாங்கும், அப்பச்சி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழட்டிப் பெட்டகத்துல வச்சா ஞாயித்துக்கிழமை காலையில நின்னுருக்கும். நின்னா ரிப்பேர்னு பயப்பட வேணாம், வாட்ச் பக்கத்துல இருக்க திருகுல ஒரு இருபது முப்பது சுத்து கொடுத்துட்டுக் கட்டினாப் போதும். அப்புறம் நம்ம ஊரு வேர்வைக்குத் தோல் ஸ்ட்ராப் சீக்கிரம் நாறிடும், ஸ்டீல் செயினா கேளுங்க.

கேள்வி: அவ்வளவு விலை கொடுத்தும் ஆட்டோமேட்டிக் வாட்ச் டெய்லி சில செகண்டு தள்ளி ஓடுதே, ஏமாத்துறாங்களா? (தேவகோட்டை வாசகி)

பதில்: ஏமாத்து இல்லம்மா. பேட்டரி வாட்ச்ல குவார்ட்ஸ் கல்லு செகண்டுக்கு 32,768 தடவை அதிருது, ஆட்டோமேட்டிக்ல பேலன்ஸ் வீல் பொதுவா மணிக்கு 28,800 தடவை, அதாவது செகண்டுக்கு எட்டே எட்டு அடி, அதனால அந்தத் துல்லியம் இதுல வராது. சுவிஸ் க்ரோனோமீட்டர் சர்டிபிகேட் டெஸ்ட்லயே ஒரு நாளைக்கு 4 செகண்டு பின்னாடி, 6 செகண்டு முன்னாடி வரைக்கும் விடுறாங்க. ஆனா திடீர்னு நிமிஷக்கணக்குல முன்னாடி ஓடினா காந்தம் ஏறியிருக்கும். என் வாட்ச் ஒரு தடவை அப்படித்தான் பேய் பிடிச்ச மாதிரி ஓடுச்சு, தெனம் ராத்திரி ஸ்பீக்கர் மேலயே கழட்டி வச்சிருக்கேன், பேலன்ஸ் வீலை ஆட்டுற முடி மாதிரி மெல்லிசான ஹேர்ஸ்பிரிங்கோட சுருள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிச்சு. காரைக்குடியில வாட்ச் ரிப்பேர் பாக்குற அண்ணன் காந்தம் எடுக்குற மெஷின்ல வச்சு ஒரு நிமிஷத்துல சரி பண்ணிட்டாரு.

கேள்வி: ஐயா ரங்கூன்லேருந்து கொண்டு வந்த சுவர்க்கடியாரம் வளவுல தொங்குது, சாவி கொடுத்தா ஓடுது ஆனா மெதுவா ஓடுது. (பள்ளத்தூர் ஆச்சி)

பதில்: எண்ணெய்ய ஊத்திடாதீக ஆச்சி, மொதல்ல கடியாரம் சாயாம நிக்குதான்னு பாருங்க. டிக்கும் டாக்கும் ஒரே இடைவெளியில கேட்டா சரியா நிக்குது. அப்புறம் பெண்டுலத்துக்கு அடியில ஒரு சின்ன நட் இருக்கும், அதை மேல ஏத்தினா வேகமா ஓடும், கீழ இறக்கினா மெதுவா ஓடும். ஒரு சுத்து ஏத்திட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க.