வயதைக் கேட்கும் மொழி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வாகன உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் நான், மூன்று மாதப் பயிற்சிக்காகத் தென்கொரியாவின் சாங்வோன் நகருக்கு வந்திருக்கிறேன். முதல்நாள் விருந்தில் அறிமுகமான மூவரும் பெயரைக் கேட்ட கையோடு எந்த ஆண்டில் பிறந்தேன் என்று கேட்டார்கள். அதுவரை சரிசமமாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், என்னைவிட ஒரே வயது இளையவராம், அதன்பின் எதைக் கொடுத்தாலும் இரு கைகளாலும் நீட்டத் தொடங்கிவிட்டார். என் கோப்பையில் நானே சோஜு என்ற கொரிய மதுவை ஊற்றப் போனால் புட்டியை வாங்கிக்கொள்கிறார்கள். வயதுக் கணக்கையே 2023-இல் சட்டம் போட்டு மாற்றிவிட்டதாகப் படித்திருந்தேன். பிறகும் ஏன் இந்த விசாரணை? அடுத்த வாரம் சக ஊழியர் ஒருவரின் திருமணத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. என்ன கொடுப்பது வழக்கம்?

— பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் வயதைக் கேட்டதற்கு முதற்காரணம் கொரிய இலக்கணம். தமிழில் முன்பின் அறியாத ஒருவரை ‘நீங்கள்’ என்றுவிட்டால் போதும், பேச்சு தடையின்றி நடக்கும். கொரிய மொழியில் அப்படி எல்லாருக்கும் பொருந்தும் முன்னிலைச் சொல் இல்லை. அகராதி ‘தாங்சின்’ என்ற சொல்லைக் காட்டும். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அப்படி அழைக்கலாம், ஆனால் பெரியவர் ஒருவரிடம் நேருக்குநேர் அதைச் சொன்னால் சண்டைக்கு இழுப்பதாகவே கொள்வார்கள். எனவே பதவிப்பெயராலோ உறவுமுறையாலோ அழைக்கிறார்கள். உறவுமுறை சொல்ல வேண்டுமானால் மூத்தவர் யார் என்பது தெரிந்தாக வேண்டும்.

அதைவிட நுட்பமானது வினைமுற்று. மழை பெய்கிறது என்ற, கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சம்பந்தமே இல்லாத செய்தியைக்கூட நெருங்கியவரிடமும் இளையவரிடமும் ‘பிகா வா’ என்றும், மரியாதைக்குரியவரிடம் ‘பிகா வாயோ’ என்றும் சொல்ல வேண்டும். கோவைப் பக்கத்தார் ‘மழை பெய்யுதுங்க’ என்பார்களே, ஏறத்தாழ அதுதான். ஆனால் நம்மால் அந்த ‘ங்க’ இல்லாமலும் இழுக்கின்றி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட முடியும், அவர்களோ ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஏதேனும் ஒரு படிநிலையைத் தேர்ந்தே ஆக வேண்டும். புதியவரிடம் மரியாதை முடிவோடு நிறுத்திக்கொள்ளலாம். சேர்ந்து உட்கார்ந்து உண்டு நெருங்க நினைக்கும்போதுதான் கணக்கு தேவைப்படுகிறது: ஒரே ஆண்டில் பிறந்தவர் ‘சிங்கு’, அதாவது தோழர், ஓராண்டு மூத்திருந்தால், ஆணுக்கு ஆண் ‘ஹியோங்’, அண்ணன். உங்களோடு அவர்கள் ஆங்கிலத்தில் பேசியிருந்தாலும் பழக்கம் விடாது. அந்தக் கேள்வியை, உங்களைப் பந்தியில் சேர்த்துக்கொள்ளும் முயற்சியாகவே நான் வாசிக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் படித்தது சரிதான். மரபுப்படி குழந்தை பிறக்கும்போதே அதற்கு வயது ஒன்று. ஒவ்வொரு சனவரி முதல் நாளும் நாட்டில் எல்லாருக்கும் ஒரு வயது கூடும். டிசம்பர் 31-இல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு. அரசு, உரிமையியல் காரியங்களில் பிறந்தநாள் கணக்கே செல்லும் என்று 2023 சூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பள்ளிச் சேர்க்கை, படைப்பணி, மது விற்பனை ஆகியவை பிறந்த ஆண்டையே பார்க்கின்றன. உங்களிடமும் வயதைக் கேட்காமல் பிறந்த ஆண்டைத்தான் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். எந்த முறையில் எண்ணினாலும் அதற்கு விடை ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு முழுவதையும் நான் மெச்சுவதாக எண்ண வேண்டாம். ஓராண்டு மூத்தவர் தவறாகச் சொன்னாலும் மறுக்க நா எழாமல் போவது எந்த அலுவலகத்துக்கும் நல்லதல்ல. அங்கே சில நிறுவனங்கள் பதவிப்பெயரை விட்டுவிட்டு, யாரையும் பெயரோடு ‘நிம்’ என்ற மரியாதை விகுதியைச் சேர்த்து அழைக்கச் சொல்லியிருப்பது இந்தச் சுமையை உணர்ந்துதான்.

புட்டி விஷயம் எளிது. அவரவர் கோப்பைக்கு அடுத்தவரே ஊற்ற வேண்டும்; நீங்களும் அவர்களுக்கு ஊற்றுங்கள், மூத்தவருக்கு என்றால் இரு கைகளாலும். மூத்தவர் முன் குடிக்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வதும் உண்டு. போதும் என்று தோன்றினால் கோப்பையில் பாதியை அப்படியே விட்டுவையுங்கள். மிச்சமிருக்கும் கோப்பையில் மேலும் ஊற்றுவது முன்னோர் படையலுக்கு உரியது என்பதால், பொதுவாக யாரும் ஊற்ற மாட்டார்கள்.

திருமணத்துக்குப் பணந்தான் வழக்கம். வாயிலில் மேசை போட்டுப் பெயரும் தொகையும் குறித்துக்கொள்வார்கள். மொய் எழுதும் ஊரிலிருந்து போன உங்களுக்கு இது புதிதாக இராது. நாம் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று வைப்பதுபோல அவர்களும் ஒற்றைப்படையை விரும்புகிறார்கள், ஆனால் அதைப் பத்தாயிரங்களில் எண்ணுகிறார்கள்: 30,000, 50,000, 70,000 வொன். நிறைவான எண் என்பதால் 100,000-க்கு மட்டும் விலக்கு. உறை வெள்ளை நிறத்தில் இருக்கும், துக்க வீட்டுக்கும் அதே வெள்ளைதான், திகைக்க வேண்டாம். உறையைக் கொடுத்ததும் பல மண்டபங்களில் சாப்பாட்டுச் சீட்டு தருவார்கள், சடங்கு பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் தாமதமாகப் போகாதீர்கள். உறையின் பின்புறம் உங்கள் பெயரை எழுதுங்கள், சிவப்பு மையில் மட்டும் வேண்டாம். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவதை அங்கே சாவோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.