பள்ளி நாட்களில் கட்டிய மாடல் ரயில் மறுபடி ஓடுமா? – கேள்வி பதில்

சின்ன வயதில் கட்டிய மாடல் ரயில்களைத் தூசி தட்டி எடுத்திருப்பவர்கள் கேட்டவை இவை. நானும் அதே கூட்டம்தான், என்னுடையதைக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: 25 வருஷம் கழித்து எடுக்கிறேன். உடனே கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். அந்தப் பழைய டிரான்ஸ்பார்மரை முதலில் ஓரமாக வையுங்கள். ஒயரின் மேலுறை காய்ந்து வெடித்திருக்கலாம், ஆபத்து அதில்தான். 12 வோல்ட் டிசி இஞ்சின் என்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து, இரு பக்கச் சக்கரங்களிலும் தொட்டாலே தெரிந்துவிடும்.

கேள்வி: மோட்டார் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை.

கிரீஸ் காய்ந்திருக்கும். மேல்கூட்டைக் கழற்றிப் பாருங்கள், பல்சக்கரங்களுக்கு நடுவே வேப்பம் பிசின் மாதிரி பழுப்பாக இறுகிப்போயிருக்கும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெயை ஊசிமுனையில் நிற்கும் அளவுக்கு வைத்தால் போதும், அதிகமாக விட்டால் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் பக்கம் வழிந்து புதுத் தொல்லை. அப்புறம், காந்தத்தை மட்டும் கழற்றாதீர்கள். பழைய அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம் இரும்புச் சட்டத்தை விட்டு வெளியே வந்தாலே பலம் குறைந்துவிடும். நல்ல மோட்டார் ஒன்றை நான் அப்படித்தான் தொலைத்தேன்.

கேள்வி: ஓடுகிறது, ஆனால் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று தடுக்குகிறது.

அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கும். மயிரிழை விரிசல்தான், லென்ஸ் வைத்தால் தெரியும். பசை நிற்காது, வேறு பல்சக்கரம்தான் போட வேண்டும்.

கேள்வி: இஞ்சினின் உலோகச் சட்டம் வளைந்து, வெடித்து, தொட்டால் உதிர்கிறது. துருவா?

இல்லை. துத்தநாகக் கலவையை வார்க்கும்போது ஈயம் மாதிரி அசுத்தம் சேர்ந்துவிட்டால் வருஷங்கள் கழித்து உள்ளிருந்தே இப்படி வெடிக்கும். மருந்து கிடையாது. பக்கத்துப் பெட்டிகளுக்கு ஒட்டாது, பயப்படாதீர்கள்.

கேள்வி: பித்தளைத் தண்டவாளம் கறுத்துவிட்டது, உப்புத்தாள் போடலாமா?

போட்டால் கீறலுக்குள் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். ஆல்கஹாலும் துணியும் போதும். சில நாளில் மறுபடி கறுக்கும், பித்தளையின் குணம் அது. அலுத்துப்போனால் நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) தண்டவாளத்துக்கு மாறுங்கள். எச்ஓ (HO, 1:87 அளவு மாடல்) என்றால் இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி அதே 16.5 மி.மீ.தான், ஆனால் ‘கோடு 100’ (Code 100, தண்டவாள உயரம் 0.1 அங்குலம்) பார்த்து வாங்குங்கள். உயரம் குறைந்த தண்டவாளத்தில் பழைய சக்கரங்களின் ஆழமான விளிம்பு ஆணித்தலைகளில் இடித்துக் கடகடக்கும்.

கேள்வி: டிசிசி டிகோடர் (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளைப்படி மோட்டாரை இயக்கும் சின்ன சர்க்யூட்) பொருத்தலாமா?

பல பழைய மோட்டார்களில் ஒரு பிரஷ் நேராகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். அதைப் பிரித்துக் காப்பிடாமல் பொருத்தினால் டிகோடர் கருகும். ஒரே ஒரு இஞ்சினுக்காக இவ்வளவு பாடு எதற்கு, டிசியிலேயே ஓட்டுங்கள்.

கேள்வி: 14 வயதில் நான் அடித்த பெயிண்ட் பார்க்கச் சகிக்கவில்லை. புதிதாக அடிக்கட்டுமா?

என் பெட்டி ஒன்றின் ஜன்னலில் பசையோடு ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. இப்போதைய என் விரலுக்குப் பாதிதான் இருக்கும். அழுக்கு என்று நினைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். நீங்கள் அடித்தே தீருவேன் என்றால் சரி, முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.