புதைத்த கரியமில வாயு பின்னாளில் கசிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: தொழிற்சாலையில் பிடித்த கரியமில வாயுவை நிலத்தடியில் செலுத்திய நிறுவனம் பிற்பாடு கடையைக் கட்டிவிட்டால், கசிவுக்கு யார் பதில் சொல்வது?

பல நாடுகளில் கடைசியில் அரசு தலையில்தான் விழும். எப்போது, என்ன நிபந்தனையில் என்பதில்தான் வித்தியாசம்.

இதில் ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்த சட்டம் கறாரானது. வாயுவைச் செலுத்தத் தொடங்கும் முன்பே நிறுவனம் நிதி உத்தரவாதம் காட்ட வேண்டும். சேமிப்பிடத்தை மூடிய பிறகு குறைந்தது 20 ஆண்டு அதுவே கண்காணிக்க வேண்டும் (வாயு நிரந்தரமாக அடங்கிவிட்டது என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே திருப்தி வந்தால் குறையலாம்). அப்புறமும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப முடியாது. அடுத்த 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவுக்காவது பணம் கட்ட வேண்டும். பொறுப்பு கைமாறிய பின்னும், அலட்சியமோ தகவல் மறைப்போ தெரியவந்தால் அரசு செலவை வசூலிக்கும்.

அமெரிக்காவில் வாயுவை நிலத்தடிக்குச் செலுத்தும் கிணறுகள் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2010இல் வந்த 'ஆறாம் வகைக் கிணறு' (கரியமில வாயுவைப் புதைப்பதற்கான கிணறு) விதிப்படி, செலுத்துவதை நிறுத்திய பின் பொதுவாக 50 ஆண்டு கண்காணிப்பு. ஆனால் நீண்ட காலப் பொறுப்பைக் கூட்டரசு ஏற்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வடக்கு டகோட்டாவில் செலுத்துவது நின்று 10 ஆண்டு ஆனதும், நிபந்தனைகள் பூர்த்தியானால் சான்றிதழ் கொடுத்து மாநிலமே ஏற்றுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இது ரொம்பத் தாராளம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இல்லினாய்ஸின் டிக்கேட்டரைப் பாருங்கள். ஆறாம் வகை அனுமதியில் முதன்முதலாக வாயு செலுத்தத் தொடங்கிய இடம் அது. 2024இல் கசிவு வெளியே தெரிந்தது. பாறை பிளக்கவில்லை, நிலநடுக்கமும் இல்லை. கண்காணிக்கவென்றே தோண்டிய கிணற்றில், சுமார் 5,000 அடி ஆழத்தில் இரும்பு அரித்துப்போய், அனுமதி இல்லாத அடுக்குக்குள் கசிந்திருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிமீறல் நோட்டீஸ் கொடுத்தது. கரியமில வாயு நீரில் கரைந்தால் அமிலம், இரும்பை அரிக்கும். கிணற்றை அடைக்கும் சிமென்ட்டையும் அது மெதுவாகத் தின்னும். இதெல்லாம் 10 ஆண்டில் வெளிப்பட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதனால் இப்படி ஒரு திட்டத்தின் அனுமதி ஆவணம் கைக்கு வந்தால், பாறையைப் பற்றிய பக்கங்களை நான் அப்புறம்தான் படிப்பேன். அந்த வட்டாரத்தில் வாயு மேலேற வழியாகக்கூடிய எத்தனை பழைய எண்ணெய்க் கிணறுகள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன, அவற்றைச் சரியாக அடைக்க யார் பணம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன்.