காரைக்குடி–திருப்பத்தூர் நடந்து போய்த் திரும்பி, பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு நிதி திரட்டுவது எப்படி?

நாலு பேர் சேர்ந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போய் அன்றைக்கே நடந்து திரும்பப் போகிறோம், சுமார் 44 கி.மீ.; அதை வைத்து அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பணம் திரட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தைப்பூசத்துக்குப் பழனிவரை நடக்கிற ஊர்க்காரர்களுக்கு நடை பெரிய விஷயமில்லை. சிக்கல் பணத்தில்தான் வரும்.

யாரிடமும் கேட்பதற்கு முன் அந்தப் பிரிவின் பொறுப்பு மருத்துவரையும் மூத்த செவிலியரையும் போய்ப் பாருங்கள். 'வார்மர் ஒன்று, உபயம் இன்னார்' என்று ஆரம்பிக்காதீர்கள். வார்மர் என்பது பிள்ளை குளிராமல் சூடு கொடுக்கிற கருவி. பல இடங்களில் அது இருக்கும், அதன் ஸ்கின் ப்ரோப் கெட்டுக் கிடக்கும். சட்டைப் பொத்தான் அளவு முனையோடு பிள்ளையின் வயிற்றில் ஒட்டுகிற ஒயர் அது. தோலின் சூடு 36.5 டிகிரியை ஒட்டி நிற்கும்படி மேலேயிருந்து வரும் வெப்பத்தைக் கூட்டிக் குறைப்பது அதை நம்பித்தான். ஒட்டு விட்டுப் பெயர்ந்தால், பிள்ளை குளிர்ந்துவிட்டதென்று இயந்திரம் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். மூச்சுவிடச் சிரமப்படும் பிள்ளைக்குக் காற்றை அழுத்தத்தோடு கொடுக்கிற சி-பாப் கருவியின் மூக்குக் குழாயும் அப்படித்தான்: பெரிதாக இருந்தால் மூக்கு புண்ணாகும், சிறிதாக இருந்தால் காற்று கசியும். அதனால் மாடல், அளவு, எண்ணிக்கையோடு பட்டியலை எழுதி வாங்குங்கள். புதுக் கருவிதான் வேண்டுமென்றால் பராமரிப்பு ஒப்பந்தச் செலவையும் இலக்கில் சேருங்கள். பொருளாகக் கொடுக்க நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். பால்பவுடரும் பால்புட்டியும் வேண்டவே வேண்டாம். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்கள் பற்றிய 1992ஆம் வருடச் சட்டப்படி அவற்றை மருத்துவமனைக்கு நன்கொடையாகக் கொடுக்க முடியாது.

உங்கள் சொந்த ஜீபேயில் பணம் வாங்காதீர்கள். கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கிற 80ஜி பதிவுள்ள அறக்கட்டளையின் கணக்கிலேயே நேராக விழட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது. நம் ஊரில் முக்கியமானது இன்னொன்று: சிங்கப்பூர், மலேசியா உறவுகள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக்கூடாது. பெரியப்பா பையனே ஆனாலும் சரி, சட்டத்துக்குத் தெரிவது பாஸ்போர்ட்தான்.

நடைக்கு வருவோம். ஜனவரிக் கடைசி என்றால் அக்டோபர் தொடக்கத்திலேயே பயிற்சி, 16 வாரம். வாரக் கடைசி நடையை 8 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் 2 கூட்டுங்கள், ஒவ்வொரு நாலாவது வாரமும் பாதியாக்குங்கள். 14ஆவது வாரம் 28 வரும். கடைசி இரண்டு வாரம் நன்றாகக் குறைக்க வேண்டும். ஏற்றம் பழக வேண்டுமானால் பிரான்மலை இருக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்த சாக்ஸோடு நடந்தால் கொப்புளம் நிச்சயம், ஈரத்தோல் சீக்கிரம் உரியும். மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி, அரை அளவு பெரிய ஷூ. ஓரிடத்தில் சுருக்கென்று சுட்டால் அங்கேயே உட்கார்ந்து மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் நீர் கோத்திருக்கும். பழக்கமில்லாமல் வெறுங்காலோடு போவதைப் பக்தி நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு 2 மணிக்குக் கிளம்பினால் ஏழு, ஏழரைக்குத் திருப்பத்தூர், மதியம் ஒன்றரைக்கு வீடு. இருட்டில் சாலையின் வலப்பக்கம், எதிர்வண்டியைப் பார்த்தபடி, ஒளிரும் மேல்சட்டையோடு நடக்க வேண்டும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றும், வாந்தி வரும். உப்புப் போட்ட மோர் உத்தமம். இல்லாவிட்டால் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுப்படி ஓ.ஆர்.எஸ்.; குறைந்த தண்ணீரில் கலக்கக்கூடாது. கால் வலிக்கிறதென்று நடுவழியில் இபுப்ரோஃபன் போடுவது, நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

'கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று வாக்கு வாங்க வேண்டாம். புள்ளிக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று ஊர்வரி கொடுத்துப் பழகியவர்களிடம் அதே கணக்கில், நடைக்கு முன்பே, முழுத்தொகையாகக் கேளுங்கள். அப்போதுதான் பிள்ளையார்பட்டியில் முழங்கால் பிடித்துக்கொண்டவர் மீதித் தூரத்தை நொண்டி முடிக்கப் பார்க்காமல் பஸ் ஏறுவார்.