பிஎஸ்6 பைக்கை வீட்டிலேயே பழுது பார்க்க முடியுமா, எல்லாம் கம்ப்யூட்டர் என்பதால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களிடமும் யாரோ "ஈசியூ போயிடுச்சு" (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்தான் ஈசியூ) என்று சொல்லியிருக்கிறார்கள் போல. வண்டி வாசலில் நிற்கிறது, நீங்கள் ஷேர் ஆட்டோவில் ஆபீஸ் போகிறீர்கள், கேட்ட தொகையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பாதியாவது சரிதானே? 2024 ஐப்பசி மழையில் இதே கதியில் நான் நின்றேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். குடியிருப்பது சத்துவாச்சாரியில். தினமும் மேல்விஷாரம் தாண்டி, ஆற்காடு பாலம் ஏறிப் போய்வர வேண்டும். 2019இல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் போய்ச் சம்பாதிக்கிறேன். என் மாமனாருக்கு மட்டும் எல்லாமே இன்னும் வட ஆற்காடுதான்.

வண்டி 150 சிசி, எஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் ஈசியூ சொல்கிற அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. 2021 தீபாவளிக்கு வாங்கியது. வாங்கிப் பதினைந்து நாளில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனபோது நானும் புது வண்டியில் போய் நின்றேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தப் பதிலை விட்டுவிட்டு எந்தக் கம்பெனி உசத்தி என்று கீழே சண்டை ஆரம்பித்துவிடும்.

அந்த 2024 ஐப்பசி மழையில், ஒரு நாள் காலையில் சாவி போட்டேன். மீட்டர் எரிந்தது, பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப் வழக்கம்போல "ஙொய்ங்" என்றது. செல்ஃபை அழுத்தினேன். "டக்" என்று ஒரே ஒரு சத்தம், மீட்டர் மொத்தமாக அணைந்துவிட்டது. கையை எடுத்தால் எல்லாம் திரும்ப எரிகிறது, ஆனால் கடிகாரம் 12:00 காட்டுகிறது. இந்த 12:00தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய தடயம். வண்டிக்குக் கரண்ட் ஒரு நொடி நின்றுபோனால்தான் கடிகாரம் இப்படி ஆரம்பத்துக்குப் போகும். அது தடயம் என்று அப்போது தெரியவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த பையன் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஆறு எரர் காட்டுது சார். ஈசியூதான். பதினாலாயிரம் ஆகும், பொருள் வர ஒரு வாரம்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று குட்டி யானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்கு 600 ரூபாய்.

எதிர் வீட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு அண்ணன் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் சீட்டைக் கழற்றிவிட்டு முழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மல்டிமீட்டரோடு வந்தார். "வண்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார். கரண்டு எங்க நிக்குதுன்னு வேணா பாக்கலாம்" என்றார்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் ஈயத்திலேயே வைத்தார். 12.6 வோல்ட். செல்ஃபை அழுத்தச் சொன்னார். 12.5. அசையவே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம், பேட்டரி நன்றாக இருக்கிறதே என்று. அவர் முகம் மாறவில்லை. "செல்ஃப் அழுத்துனா வோல்ட் கொஞ்சமாவது எறங்கணும் சார். எறங்கலன்னா கரண்டே வெளிய போகலன்னு அர்த்தம்."

அப்புறம் சிவப்பு முனையை அப்படியே வைத்துக்கொண்டு, கறுப்பு முனையை மட்டும் எடுத்து எஞ்சின் போல்ட்டில் வைத்தார். மறுபடி அழுத்தினேன். 12.6 சரசரவென்று 3க்கு விழுந்தது. அதாவது பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, நெகடிவ் டெர்மினலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எங்கோ நின்றுபோகிறது. ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. போல்ட்டு விரலாலேயே சுற்றுகிறது. அதற்கு அடியில் ஒரு சின்ன வளையம், மொபைல் சார்ஜருடைய வயர்.

"இது யார் மாட்டினது?" என்று கேட்டார். "கடையில" என்றேன். நான்தான் மாட்டினேன். ஆடித் தள்ளுபடியில் ஆன்லைனில் வாங்கி, வீடியோ பார்த்து மாட்டியது. இதை முதன்முதலில் இங்கேதான் ஒப்புக்கொள்கிறேன்.

நெகடிவை முதலில் கழற்றி, அப்புறம் பாசிடிவ். சுடுதண்ணீரில் சோடா உப்புக் கரைத்துத் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரம் காயவிட்டு, பாசிடிவை முதலில் முடுக்கி, நெகடிவைக் கடைசியில் முடுக்கினோம். இந்த பேட்டரிகளில் டெர்மினலுக்குள் ஒரு சதுர நட்டு இருக்கும். போல்ட்டு வைக்கும்போது அது கீழே நழுவிக்கொண்டே இருக்கும். அதற்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் மேலே தூக்கிக் கொடுக்கும். இது தெரியாமல்தான் ஆடியில் நான் இரண்டு மரை மட்டும் பிடித்த போல்ட்டோடு விட்டிருக்கிறேன். மேலே கொஞ்சம் வாசலின் தடவி மூடினோம். ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது.

இங்கே ஒன்று. "ஒர்க்‌ஷாப்காரன் எல்லாம் திருடன்" என்று எழுத வருபவர்கள் வர வேண்டாம். அந்தப் பையன் ஏமாற்றவில்லை, ஸ்கேனர் சொன்னதைப் படித்தான். வோல்டேஜ் சரிந்தால் ஈசியூ தலைகால் புரியாமல் எல்லா சென்சார் மீதும் புகார் எழுதிவைக்கும். வேறொரு கடையில் அந்த ஆறையும் அழிக்கச் சொன்னேன், திரும்ப வரவே இல்லை. முதலில் பேட்டரியைப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். இன்னொரு பக்கம், "வாரண்டி போய்விடுமே" என்பவர்களுக்கு: வாரண்டி இருக்கும்வரை வயரைத் தொடாதீர்கள், சார்ஜரும் மாட்டாதீர்கள். நான் பட்டது போதும்.

நானும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிட்டேன், 350 ரூபாய். வண்டி நிற்கும்போது 12.6 பக்கம், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.5க்கு மேல் 14.5க்குள், செல்ஃப் சுற்றும்போது 10க்குக் கீழே போகக் கூடாது. நம் ஊர் கத்திரி வெயிலில் கம்பெனி ஷெட் இல்லாத இடத்தில் நாள் முழுக்க நிற்கும் வண்டியின் பேட்டரி சீக்கிரம் சாகும், அதனால் மாதம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். ஆனால் மீட்டரை எடுப்பதற்கு முன் கில் ஸ்விட்ச் (ஹேண்டிலில் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச்), சைடு ஸ்டாண்டு, கிளட்ச் மூன்றையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் ஆபீஸில் ஒருவர் கில் ஸ்விட்சுக்காக மெக்கானிக்கை வரவழைத்தார். வண்டி கீழே விழுந்து எழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லையா, சாவியை அணைத்துத் திரும்பப் போடுங்கள். சாய்ந்ததும் பெட்ரோலை நிறுத்தும் சென்சார் பல வண்டிகளில் உண்டு.

சாவி போட்டதும் பம்ப் சத்தம் வரவில்லை என்றால் ஃபியூஸ் பாருங்கள். அதுவும் சரி என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோல் லைனில் அழுத்தம் இருக்கும், வீட்டில் பிரிக்கிற வேலை இல்லை.

பம்ப் என்றதும் என் மச்சினன் ஞாபகம் வந்துவிடுகிறது. எஃப்ஐ வண்டியில் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும், அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிரவைப்பதும். எப்போதும் காலி டேங்கில் ஓட்டினால் பம்புக்குக் கேடு. இதை அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவான், "மாமா, பத்து நிமிஷம்" என்று சாவியை எடுப்பான், மூன்று மணி நேரம் கழித்து மஞ்சள் விளக்கு மினுக்க மினுக்கக் கொண்டுவந்து நிறுத்துவான். அவன் வண்டியோ வீட்டில் கவர் போட்டுத் தூங்குகிறது. கேட்டால் மாமியார், "பெட்ரோல் என்ன பெரிய விஷயம்" என்கிறார். பெட்ரோலா விஷயம்? ரத்தினகிரி கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டிய நேரத்தில் இவன் என் வண்டியை எடுத்துக்கொண்டு நண்பனைப் பார்க்கப் போயிருந்தான். கடைசியில் பெரிய மச்சினன் மடியில் உட்கார வைத்தோம். போட்டோவில் இவன் இல்லை. சரி, விடுங்கள்.

செயினை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான். கியரில் ஓடவிட்டுத் துடைத்து விரலைக் கொடுத்தவர்கள் உண்டு. தளர்வு எவ்வளவு என்பதைப் பல வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் கையிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள்.

பழைய வண்டிக்காரர்கள் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிச் சார்ஜிங் பார்ப்பார்கள். அதை இதில் செய்தால் நிஜமாகவே ஈசியூ போகலாம், பதினாலாயிரம் நியாயமாகிவிடும். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வீண். பம்பும் ஈசியூவும் எழுந்திருக்கவே கரண்ட் வேண்டும்.

உங்கள் வண்டியில் செல்ஃபை அழுத்தும்போது மீட்டர் அணைகிறதா, கடிகாரம் பழையபடி ஆரம்பத்துக்குப் போகிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். போகிறது என்றால் யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன் சீட்டைத் திறந்து அந்த இரண்டு போல்ட்டையும் விரலால் அசைத்துப் பாருங்கள். சார்ஜர் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.