ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது, எதிரே இருக்கும் நோயாளியின் கதை வேறாக இருக்கிறது. மருத்துவ உளவியலில் எதை நம்புவது?

ஆராய்ச்சியிலிருந்து தொடங்குங்கள். விலக வேண்டியிருந்தால் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு விலகுங்கள். "எனக்கென்னவோ அப்படித் தோணுது" என்பது காரணம் ஆகாது.

மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 படிவத்தையே எடுத்துக்கொள்வோம். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10ஐத் தொட்டால் தீர விசாரிக்க வேண்டும். கைக்குழந்தையோடு வரும் ஒரு தாய் தூக்கத்துக்கு 3, அசதிக்கு 3, பசிக்கு 2, கவனத்துக்கு 2 போடுகிறார். 10 வந்துவிட்டது. ஆனால் முதல் இரண்டு கேள்விகளில், அதாவது நாட்டமின்மையிலும் சோர்ந்த மனநிலையிலும், 0. கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவர் இங்கே வழுக்குவார். "குழந்தையை யாராவது பாத்துக்கிட்டா தூங்கிடுவீங்களாம்மா?" என்று கேளுங்கள். "படுத்தா போதும்" என்பது ஒரு பதில். "அது தூங்கினாலும் நான் முழிச்சே கிடக்கேன்" என்பது முற்றிலும் வேறு பதில். முதலாவது குழந்தையால் கெட்ட தூக்கம், இரண்டாவது மனச்சோர்வாகவும் இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

மொத்தம் 6தான், ஆனால் 9ஆவது கேள்வியில், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பில், 1 என்றால் கூட்டுத்தொகைக்கு மதிப்பே இல்லை. அன்றே நேரடியாகக் கேட்க வேண்டும்.

நிபுணரின் கணிப்பைவிடப் புள்ளிவிவரச் சூத்திரம் பெரும்பாலும் சோடைபோவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954லேயே காட்டினார். விதிவிலக்கும் அவரே சொன்னதுதான்: இன்று இவர் சினிமாவுக்குப் போவார் என்று சூத்திரம் சொல்லலாம், ஆனால் ஆளுக்குக் கால் முறிந்திருந்தால் போகமாட்டார். மேலே சொன்ன தாயின் தூக்கம் அப்படியொரு கால்முறிவு. சிக்கல் என்னவென்றால், சர்வீஸ் ஏற ஏற நமக்கு எல்லோருடைய காலும் முறிந்ததாகவே தெரியும்!

பேனிக், அதாவது திடீரென வரும் கடும் பீதிக்கான சிகிச்சையில் இது அடிக்கடி நடக்கும். வேண்டுமென்றே 1 நிமிடம் வேகமாக மூச்சுவிட்டுப் படபடப்பை வரவழைப்பது பயிற்சி. "பயமா இருக்கு மேடம்" என்றதும் இரக்கப்பட்டுப் பாதியில் நிறுத்தினால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று அவர் மனதில் பதியும். 20 விநாடியில் தொடங்கலாம், நாற்காலியில் சுற்றுவதை முதலில் வைக்கலாம். படபடப்பைச் சந்திப்பதை மட்டும் நீக்கக்கூடாது. இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் முதலில் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

மனச்சோர்வுக்குத் திரும்பினால், 2 வாரத்துக்கு ஒருமுறை அதே படிவத்தைக் கொடுங்கள். 6 வாரத்தில் 5 புள்ளிகூடக் குறையவில்லையென்றால் திட்டத்தை மாற்ற யோசியுங்கள். "பரவால்ல டாக்டர்" என்பது நம் மனம் நோகக்கூடாதென்று சொன்னதாகவும் இருக்கலாம். அவர் சம்மதித்தால், வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கூட வந்தவரிடம் கேளுங்கள்.